பட்டா முதல் இறப்புச் சான்று வரை: பேரூராட்சி ஊரில் அரசு ஆவணங்களைக் கேட்டு வாங்கும் வழி

அப்பா இறந்தது மாவட்டத் தலைநகரில் ஒரு மருத்துவமனையில். காரியம் எல்லாம் முடிந்து, இறப்புச் சான்றுக்காக எங்கள் ஊர்ப் பேரூராட்சி அலுவலகத்துக்கு மூன்று முறை நடந்தேன். முதல் முறை ஆள் இல்லை. இரண்டாம் முறை கம்ப்யூட்டரில் பெயர் வரவில்லை என்றார்கள். மூன்றாம் முறை, ஓய்வு பெறும் வயதில் இருந்த ஊழியர் ஒருவர் என்னை உட்காரச் சொல்லிவிட்டு, “தம்பி, அப்பா எந்த ஊர்ல தவறினாரு?” என்று கேட்டார். சொன்னேன். “அப்ப அந்த ஊர் மாநகராட்சிப் பதிவேட்டுலதான் பேரு ஏறியிருக்கும். நீங்க குடியிருக்கிற இடம் கணக்குல வராது” என்றார். மறுவாரமே சான்று கைக்கு வந்துவிட்டது.

அன்றைக்குப் புரிந்ததைத்தான் இந்த வழிகாட்டி முழுக்கச் சொல்லப் போகிறேன். நாம் கேட்கும் ஒவ்வொரு சான்றும் ஏதோ ஒரு பதிவேட்டில் உள்ள ஒரு வரியின் நகல். அந்தப் பதிவேடு எது, அது யார் பொறுப்பில் இருக்கிறது, அதில் நம் வரியைக் கண்டுபிடிக்க என்ன எண் வேண்டும் என்ற மூன்றும் தெரிந்தால் பாதி அலைச்சல் குறையும். தெரியாமல் போனால் நல்ல மனசுள்ள அலுவலர்கூட உதவ முடியாது. அவரிடம் அந்தப் புத்தகமே இருக்காது.

எல்லாமே தமிழ்நாட்டை, அதிலும் பேரூராட்சி அளவிலான ஊர்களை மனதில் வைத்து எழுதியது. ஊராட்சிக்காரர்களுக்கும் நகராட்சிக்காரர்களுக்கும் பெரும்பகுதி பொருந்தும்.

முதலில், மூன்று வாசல்கள்

சின்ன ஊர்களில் “கவர்மெண்ட் ஆபீஸ்” என்று ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறோம். உண்மையில் அவை ஒன்றோடொன்று தொடர்பில்லாத மூன்று துறைகள்.

முதலாவது பேரூராட்சி அலுவலகம். செயல் அலுவலர் தலைமையில் நடப்பது. சொத்து வரி, குடிநீர் இணைப்பு, தெருவிளக்கு, குப்பை, கட்டட அனுமதி, தொழில் உரிமம், ஊர் எல்லைக்குள் நடந்த பிறப்பு இறப்புப் பதிவு எல்லாம் இங்கே. தலைவரும் வார்டு உறுப்பினர்களும் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள். கையெழுத்துப் போடும் அதிகாரம் பெரும்பாலும் செயல் அலுவலரிடம்.

இரண்டாவது வருவாய்த்துறை. வி.ஏ.ஓ. என்கிற கிராம நிர்வாக அலுவலர், அவருக்கு மேலே ஆர்.ஐ. என்கிற வருவாய் ஆய்வாளர், அதற்கு மேலே தாசில்தார், பிறகு ஆர்.டி.ஓ. என்கிற வருவாய்க் கோட்டாட்சியர், டி.ஆர்.ஓ. என்கிற மாவட்ட வருவாய் அலுவலர், கலெக்டர். நிலம், சாதிச் சான்று, வருமானச் சான்று, வாரிசுச் சான்று, முதியோர் உதவித்தொகை இவர்களிடம். பழைய ஆட்கள் இன்னும் கர்ணம், மணியக்காரர் என்று பேசுவார்கள். பரம்பரையாக வந்த அந்தப் பதவிகள் 1980-ல் ஒழிக்கப்பட்டு, அந்த இடத்தில்தான் வி.ஏ.ஓ. வந்தார்.

மூன்றாவது பதிவுத்துறை. சார்பதிவாளர் அலுவலகம். பத்திரப் பதிவு, வில்லங்கச் சான்று, பழைய பத்திரத்தின் நகல், திருமணப் பதிவு.

இந்த மூன்றும் ஒரே ஊரில் இருக்கும் என்று நம்பி வண்டியை எடுக்காதீர்கள். சோழவந்தானை எடுத்துக்கொண்டால், பேரூராட்சி அலுவலகம் ஊரிலேயே உண்டு. தாலுகா வாடிப்பட்டி. கலெக்டர் அலுவலகம் மதுரை. ஒரு வேலைக்கு மூன்று பேருந்து. அதனால்தான் எந்த வாசல் என்று வீட்டிலேயே முடிவு செய்துவிட்டுக் கிளம்ப வேண்டும்.

இன்னொன்று. ஊரின் பெயரும் வருவாய்க் கிராமத்தின் பெயரும் வேறாக இருக்கலாம். பேரூராட்சி எல்லைக்குள்ளேயே இரண்டு மூன்று வருவாய்க் கிராமங்கள் வருவதும் உண்டு. உங்கள் வீடு எந்த வருவாய்க் கிராமத்தில் இருக்கிறது என்பதைப் பழைய பத்திரத்தின் சொத்து விவரப் பகுதியில் பார்த்து ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். எல்லா இணையதளமும் அதைத்தான் முதலில் கேட்கும்.

பிறப்பு, இறப்பு

1969-ல் வந்த பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டப்படி, சம்பவம் நடந்த இடத்தில்தான் பதிவு. பிரசவம் மதுரையில் என்றால் மதுரை மாநகராட்சி, ஊர் அரசு மருத்துவமனை என்றால் அந்த எல்லைக்குரிய பதிவாளர். கிராம ஊராட்சிப் பகுதிகளில் வி.ஏ.ஓ.தான் பதிவாளர். மருத்துவமனையில் நடந்தால் தகவல் தர வேண்டியது மருத்துவமனையின் கடமை. வீட்டில் நடந்தால் குடும்பத் தலைவரின் கடமை.

21 நாளுக்குள் சொன்னால் கட்டணம் இல்லை. 30 நாள் வரை தாமதக் கட்டணம். அதற்குமேல் ஒரு வருடம் வரை மேல் அதிகாரியின் எழுத்துப்பூர்வ அனுமதி வேண்டும். ஒரு வருடம் தாண்டிவிட்டால் ஆர்.டி.ஓ. விசாரித்து ஆணை போட்டால்தான் பதிவு நடக்கும். அந்த நிலைக்குப் போகும் முன் “பதிவேட்டில் பதிவு இல்லை” என்ற சான்றை அந்தப் பதிவாளரிடம் வாங்க வேண்டும். ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் முதலில் கேட்பது அதைத்தான்.

குழந்தை பிறந்த ஒரு வருடத்துக்குள் பெயரைச் சேர்த்தால் இலவசம். அதற்குப் பிறகு கட்டணத்துடன் 15 வயது வரை சேர்க்கலாம். பெயர் இல்லாத பிறப்புச் சான்றை அலமாரியில் வைத்துவிட்டு மறந்துபோகிறவர்கள் நிறைய. இனிமேல் அப்படி விட முடியாது. 2023 அக்டோபர் 1 முதல் பிறந்தவர்களுக்குப் பள்ளிச் சேர்க்கை, ஓட்டுநர் உரிமம், வாக்காளர் பட்டியல் எல்லாவற்றுக்கும் பிறந்த தேதி, இடத்துக்கான ஆதாரம் பிறப்புச் சான்றுதான் எனச் சட்டம் திருத்தப்பட்டிருக்கிறது. சான்று வந்த அன்றே அப்பா பெயர், அம்மா பெயர், தலைப்பெழுத்து, தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுத்து சரியா என்று உட்கார்ந்து பாருங்கள். அன்று திருத்துவது ஒரு மனுவோடு முடியும். பதினைந்து வருடம் கழித்து என்றால் பள்ளிச் சான்று, ஆதார், பாஸ்போர்ட் எல்லாம் வரிசையில் நிற்கும்.

அண்மை ஆண்டுகளின் சான்றுகளை மாநில அரசின் பிறப்பு இறப்புப் பதிவு இணையதளத்திலேயே கட்டணமில்லாமல் இறக்கிக்கொள்ளலாம். பழைய பதிவுக்கு நேரில்தான் போக வேண்டும். போகும்போது சம்பவம் நடந்த ஆண்டையும் மாதத்தையும் சொல்ல முடிந்தால் தேடுகிறவருக்குப் பெரிய உதவி. “எழுபத்தஞ்சு வாக்குல” என்று சொன்னால் அவர் மூன்று வருடப் புத்தகத்தைப் புரட்ட வேண்டும். பெரும்பாலும் புரட்ட மாட்டார்.

நிலம்: நான்கு காகிதம், ஒரு படம்

மக்கள் அதிகம் அலைவதும் அதிகம் ஏமாறுவதும் இங்கேதான். அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

பட்டா என்பது இந்த நிலம் இவர் பெயரில் அரசுக் கணக்கில் இருக்கிறது என்று காட்டும் காகிதம். சிட்டா என்பது ஒருவர் பெயரில் அந்தக் கிராமத்தில் உள்ள நிலங்களின் கணக்கு. இணையத்தில் இப்போது இரண்டும் சேர்ந்தே வருகிறது. அ-பதிவேடு கிராமத்தின் ஒவ்வொரு புல எண்ணும், அதாவது சர்வே நம்பரும், என்ன வகை என்று சொல்லும்: நன்செய், புன்செய், நத்தம், புறம்போக்கு, ஓடை, வண்டிப்பாதை. அடங்கல் ஒவ்வொரு பசலியிலும், அதாவது ஜூலையில் தொடங்கும் வருவாய்த்துறைக் கணக்கு ஆண்டிலும், அந்த நிலத்தில் யார் என்ன பயிர் வைத்தார் என்று வி.ஏ.ஓ. எழுதும் கணக்கு. இவற்றோடு எஃப்.எம்.பி. எனப்படும் புலப்படம். வயலின் வடிவமும் பக்க அளவுகளும் மீட்டரில் அதில் இருக்கும்.

இவற்றில் பட்டா, அ-பதிவேட்டு விவரம், புலப்படம் மூன்றையும் அரசின் “எங்கிருந்தும் எந்நேரமும்” இணையச் சேவையில் வீட்டிலிருந்தே எடுக்கலாம். மாவட்டம், வட்டம், கிராமம், புல எண், உட்பிரிவு எண் கொடுத்தால் போதும். போனுக்கு ஓடிபி வரும். இப்படி இறக்கிய பட்டாவில் கையெழுத்து இருக்காது, குறிப்பு எண்ணும் கியூ.ஆர். குறியீடும் இருக்கும். வங்கியில் “தாசில்தார் கையெழுத்து எங்கே” என்று கேட்டால், அந்த எண்ணை அதே தளத்தில் அடித்துச் சரிபார்க்கலாம் என்று சொல்லுங்கள்.

பட்டாவில் பரப்பு ஹெக்டேர், ஏர் கணக்கில் இருக்கும். பத்திரத்தில் ஏக்கர், சென்ட். பலர் இங்கே குழம்பிப் “பட்டாவில் நிலம் குறைந்துவிட்டது” என்று பயந்துவிடுகிறார்கள். ஒரு ஏர் என்றால் 100 சதுர மீட்டர், ஏறத்தாழ 2.47 சென்ட். பட்டாவில் 0.12.50 என்று இருந்தால் பன்னிரண்டரை ஏர், அதாவது சுமார் 30.9 சென்ட். பத்திரத்தில் 31 சென்ட் என்று இருந்தால் கவலைப்பட ஒன்றுமில்லை. 35 என்று இருந்தால் சர்வேயரைப் பார்க்க வேண்டியதுதான்.

பேரூராட்சியின் மையப் பகுதியில் வீடு இருக்கிறவர்களுக்கு ஒரு கூடுதல் சிக்கல். பல ஊர்களில் நகர நில அளவை நடந்து, பழைய புல எண்ணுக்குப் பதிலாக வார்டு, பிளாக், நகர அளவை எண் என்று மாறியிருக்கும். பத்திரத்தில் உள்ள எண்ணை இணையத்தில் அடித்தால் எதுவும் வராது. நிலம் போய்விட்டதாக நினைக்க வேண்டாம். தாலுகா அலுவலகத்தின் நில அளவைப் பிரிவில் பழைய எண்ணுக்கு எதிரே புதிய எண் காட்டும் பட்டியல் இருக்கிறது. அதைப் பார்த்துப் புதிய எண்ணைக் குறித்துக்கொண்டு வாருங்கள்.

அப்புறம் யு.டி.ஆர். 1979 முதல் 1987 வரை நடந்த நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்தைத்தான் கிராமங்களில் அப்படிச் சொல்வார்கள். மாநிலம் முழுக்க நிலப் பதிவேடுகளைப் புதிதாக எழுதிய பெரிய வேலை அது. இன்று கணினியில் இருக்கும் பட்டா விவரத்துக்கு அடிப்படை அந்தப் பதிவேடுகள். எழுதும்போது விழுந்த பிழைகளும் அப்படியே கணினிக்குள் வந்துவிட்டன. உங்கள் பட்டாவில் பெயரோ பரப்போ விசித்திரமாக இருந்தால், முதலில் யு.டி.ஆருக்கு முந்தைய பதிவேட்டையும் யு.டி.ஆர். பதிவேட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். என் தாத்தாவின் கதை இதுதான். அதைக் கீழே சொல்கிறேன்.

பட்டா மாறுதல் இரண்டு வகை. முழுப் புல எண்ணையோ முழு உட்பிரிவையோ வாங்கினால் உட்பிரிவு தேவையில்லை. பத்திரம் பதிவானதும் விவரம் தானாக வருவாய்த்துறைக்குப் போய், சிக்கல் இல்லாத இடங்களில் பெயர் உடனே மாறிவிடுகிறது. ஒரு பகுதியை மட்டும் வாங்கினால் சர்வேயர் வந்து அளந்து உட்பிரிவு செய்ய வேண்டும். அன்று நீங்கள் நேரில் இருங்கள், பக்கத்து நிலத்துக்காரரையும் கூப்பிட்டு வையுங்கள். பத்திரப் பதிவு முடிந்ததும் வேலை முடிந்ததாக நினைத்துப் பட்டாவை மாற்றாமல் விடுவதுதான் சின்ன ஊர்களில் நான் அதிகம் பார்க்கும் தவறு. விற்றவர் பெயரிலேயே பட்டா கிடக்கும். அவர் பிள்ளைகள் காலத்தில் வழக்கு முளைக்கும்.

பட்டா மாறுதலை மறுத்தால் காரணத்தோடு எழுத்தில் ஆணை கேளுங்கள். 1983-ம் ஆண்டின் பட்டா பாஸ்புத்தகச் சட்டப்படி தாசில்தார் ஆணைக்கு எதிராக ஆர்.டி.ஓ.விடம் மேல்முறையீடு, அதற்கும் மேலே டி.ஆர்.ஓ.விடம் சீராய்வு உண்டு. வாய்வார்த்தையாக “முடியாது” என்று சொன்னதை வைத்து மேல்முறையீடு செய்ய முடியாது. அதனால்தான் எழுத்து முக்கியம்.

சார்பதிவாளர் அலுவலகத்தில்

வில்லங்கச் சான்றை, நம் பேச்சில் ஈசி, பதிவுத்துறை இணையதளத்தில் இலவசமாகவே பார்க்கலாம். பல இடங்களில் 1975 முதலான விவரம் கணினியில் இருக்கிறது. அதற்கு முந்தையது வேண்டுமானால் அலுவலகத்தில் மனுப் போட்டுப் புத்தகத்தில் தேட வைக்க வேண்டும். வங்கிக்கு, நீதிமன்றத்துக்கு என்றால் கட்டணம் கட்டிச் சான்றொப்பம் உள்ளதாக வாங்குங்கள். தேடும்போது பழைய புல எண், புதிய உட்பிரிவு எண் இரண்டையும் தனித்தனியே போட்டுப் பாருங்கள். பெரிய புல எண் பின்னால் பிரிந்திருந்தால், பழைய எண்ணில் நடந்த விற்பனை புதிய எண்ணில் தேடினால் தெரியாது.

ஈசியில் பதிவான ஆவணங்கள் மட்டுமே வரும். பதிவு செய்யாத உயில், வாய்மொழிப் பாகப்பிரிவினை, நீதிமன்றத்தில் நடக்கும் வழக்கு வராமல் போகலாம். சுத்தமான ஈசியை மட்டும் நம்பி முன்பணம் கொடுக்க வேண்டாம். ஊரில் நாலு பேரிடம் விசாரிப்பதும் ஆவணத் தேடலின் ஒரு பகுதிதான்.

பலருக்குத் தெரியாத ஒன்று: மூலப் பத்திரம் தொலைந்துவிட்டால் எல்லாம் போச்சு என்று இல்லை. 1908-ம் ஆண்டின் பதிவுச் சட்டம் 57-வது பிரிவுப்படி, அசையாச் சொத்து ஆவணங்கள் உள்ள 1-ம் புத்தகத்தின் நகலைக் கட்டணம் கட்டி யார் வேண்டுமானாலும் கேட்கலாம். உயில்கள் உள்ள 3-ம் புத்தகம் மட்டும் அப்படி இல்லை. எழுதியவர் உயிரோடு இருக்கும்வரை அவருக்கோ அவர் முகவருக்கோதான் நகல். அவர் இறந்த பிறகு இறப்புச் சான்றைக் காட்டி மற்றவர்கள் கேட்கலாம். நகல் கேட்க ஆவண எண், ஆண்டு, சார்பதிவகத்தின் பெயர் மூன்றும் வேண்டும். மூன்றும் ஈசியிலேயே இருக்கும்.

சான்றிதழ்கள்

சாதி, வருமானம், இருப்பிடம், முதல் பட்டதாரி, வாரிசு எல்லாவற்றுக்கும் இ-சேவை மையம் வழியாகத்தான் விண்ணப்பம். வருவாய்த்துறைச் சான்றுகள் பலவற்றுக்குச் சேவைக் கட்டணம் 60 ரூபாய். மையத்தில் பலகை போட்டிருப்பார்கள், அதைப் பார்த்து அந்தத் தொகையைக் கொடுத்து ரசீது வாங்குங்கள். வீட்டிலிருந்தே விண்ணப்பிக்கவும் வழி உண்டு. விண்ணப்பம் வி.ஏ.ஓ., ஆர்.ஐ., தாசில்தார் என்று மேசை மேசையாக நகரும். விண்ணப்ப எண்ணைப் போட்டால் எங்கே நிற்கிறது என்று தெரியும். “ஆர்.ஐ. லாகின்ல நிக்குது” என்று தெரிந்தால் வி.ஏ.ஓ. வீட்டு வாசலில் நிற்க வேண்டிய அவசியமில்லை.

வருமானச் சான்று ஒரு வருடத்துக்குத்தான் செல்லும். மே, ஜூன் மாதங்களில் கல்லூரிச் சேர்க்கைக் கூட்டம் அதிகம். மார்ச்சிலேயே போட்டுவிடுங்கள்.

வாரிசுச் சான்று பற்றி மட்டும் ஒரு வார்த்தை. எல்லா வாரிசுகளின் பெயரையும் சொல்லுங்கள். வெளியூரில் கட்டிக்கொடுத்த அக்கா, பேச்சு வார்த்தை இல்லாத தம்பி, எல்லாரையும். ஒருவரை மறைத்து வாங்கிய சான்று பின்னால் ரத்தாகும், குடும்பமும் உடையும். சில வங்கிகளும் நிறுவனங்களும் இதற்குமேல் நீதிமன்ற வாரிசுரிமைச் சான்றைக் கேட்கலாம். அது வேறு, சிவில் நீதிமன்றத்தில் வாங்குவது.

பேரூராட்சி வரியும் அனுமதியும்

சொத்து வரி அரையாண்டுக் கணக்கு: ஏப்ரல் முதல் செப்டம்பர், அக்டோபர் முதல் மார்ச். அரையாண்டு தொடங்கிய 30 நாளுக்குள் கட்டினால் 5 சதவீதம் ஊக்கத்தொகை உண்டு, உச்சவரம்பு 5,000 ரூபாய். வீடு வாங்கியவர்கள் வரிப் பெயர் மாற்றத்துக்கு விற்பனைப் பத்திர நகல், கடைசியாகக் கட்டிய ரசீது வைத்து மனுக் கொடுக்க வேண்டும். வரி ரசீது உங்கள் பெயரில் இருப்பதால் வீடு உங்களுடையது என்று ஆகிவிடாது. அது வரி கட்டியதற்கான சாட்சி மட்டுமே.

வீடு கட்டுகிறவர்களுக்கு 2024 ஜூலையில் ஒரு நல்ல வசதி வந்தது. 2,500 சதுர அடி வரையுள்ள மனையில், 3,500 சதுர அடி வரை, தரைத்தளமும் முதல் மாடியும் உள்ள வீட்டுக்குச் சுயசான்று முறையில் இணையத்திலேயே அனுமதி எடுக்கலாம். வரைபடம் விதிப்படி இருக்க வேண்டிய பொறுப்பு உங்களுடையது. மனைக்கு அங்கீகாரம் அல்லது வரன்முறை ஆணை இருக்கிறதா என்று மனை வாங்கும்போதே பாருங்கள். அது இல்லாமல் கட்டட அனுமதி கேட்டு நிற்பவர்களை ஒவ்வொரு முறை பேரூராட்சிக்குப் போகும்போதும் பார்க்கிறேன். மனம் கஷ்டப்படுகிறது.

மனு எழுதுவது எப்படி

வாயால் சொன்னது அலுவலகத்தில் இருக்காது. ஒரு பக்க மனு, ஒரு விஷயம், அவ்வளவுதான். முகவரிகளுக்குக் கீழே “பொருள்” என்ற வரிதான் உங்கள் மனு சரியான மேசைக்குப் போகுமா என்பதைத் தீர்மானிக்கும். தாத்தாவின் பட்டாவுக்காக நான் எழுதியது இப்படி:

“பொருள்: நிலம் – … வட்டம் – … கிராமம் – புல எண் … – பட்டா எண் … – பட்டாதாரர் தலைப்பெழுத்து ‘ச’ எனத் தவறாகப் பதிவானது – ‘க’ எனத் திருத்தக் கோருதல் – தொடர்பாக.”

தபாலைப் பிரிக்கும் ஊழியர் அந்த ஒரு வரியை மட்டும் படிப்பார். கீழே மூன்று பத்தி போதும்: என்ன பிழை, என்ன ஆதாரம், என்ன செய்ய வேண்டும். குடும்ப வரலாறு வேண்டாம். இணைப்புகளுக்கு 1, 2, 3 என்று எண் போடுங்கள். அசலைக் கொடுக்காதீர்கள், ஜெராக்ஸ் மட்டும்.

இரண்டு பிரதி கொண்டு போங்கள். ஒன்றில் தேதி முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். போட மறுத்தால் சண்டை வேண்டாம். நேரே தபால் நிலையம் போய் ஸ்பீடு போஸ்டில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். மனுக்களுக்கு மூன்று நாளுக்குள் ஒப்புகை, ஒரு மாதத்துக்குள் தீர்வு என்று 2015-ல் அரசு ஆணையே போட்டிருக்கிறது. நினைவூட்டுக் கடிதத்தில் முதல் மனுவின் தேதியைக் குறிப்பிட்டு எழுதுங்கள். ஒரு மாதம் ஆனதும் ஒன்று போதும். பதில் வராவிட்டால் ஆர்.டி.ஐ., அதாவது தகவல் பெறும் உரிமைச் சட்டம்.

ஆர்.டி.ஐ.

தமிழ்நாட்டில் 1997-லேயே தகவல் உரிமைக்கு ஒரு மாநிலச் சட்டம் வந்தது. இன்று நாம் பயன்படுத்துவது 2005-ம் ஆண்டின் மத்தியச் சட்டம். வெள்ளைத்தாளில் எழுதி, 10 ரூபாய் நீதிமன்ற வில்லை ஒட்டி, “பொதுத் தகவல் அலுவலர், வட்டாட்சியர் அலுவலகம்” என்று முகவரி போட்டால் போதும். இணையத்திலும் விண்ணப்பிக்கலாம். வறுமைக்கோட்டுக்குக் கீழ் இருப்பவர்களுக்கு அந்த 10 ரூபாயும் கிடையாது. ஏன் கேட்கிறீர்கள் என்று அவர்கள் கேட்கக் கூடாது, 6(2) பிரிவு தடுக்கிறது. தவறான அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டாலும் 6(3)-ன்படி ஐந்து நாளுக்குள் அவர்களே உரிய இடத்துக்கு மாற்றி அனுப்ப வேண்டும்.

பதில் 30 நாளுக்குள். வராவிட்டாலோ திருப்தி இல்லாவிட்டாலோ அடுத்த 30 நாளுக்குள் அதே துறையின் மேல்முறையீட்டு அலுவலருக்கு 19(1)-ன்கீழ் எழுதலாம். அதற்கும் சரியான பதில் இல்லையென்றால் 90 நாளுக்குள் சென்னையில் உள்ள மாநிலத் தகவல் ஆணையத்துக்கு 19(3)-ன்கீழ் இரண்டாம் மேல்முறையீடு. காரணமில்லாமல் தாமதித்த அலுவலருக்கு நாளொன்றுக்கு 250 ரூபாய், அதிகபட்சம் 25,000 ரூபாய் அபராதம் போட ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு.

கேட்கும் விதம்தான் எல்லாம். “என் மனு மீது ஏன் நடவடிக்கை இல்லை?” என்று கேட்டால் “கேள்வி தகவல் வரையறையில் வராது” என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். பதிவேட்டையும் நகலையும் கேளுங்கள். நான் கேட்டவை:

“1. மேற்படி புல எண்ணுக்கு நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்துக்கு முந்தைய அ-பதிவேட்டின் சான்றிட்ட நகல். 2. எனது மனு மீது எழுதப்பட்ட அலுவலகக் குறிப்புகளின் நகல். 3. அந்த மனு எந்தத் தேதியில் எந்தப் பிரிவுக்கு அனுப்பப்பட்டது என்பதைக் காட்டும் பதிவேட்டுப் பக்கத்தின் நகல். 4. கோப்பையும் பதிவேட்டையும் 2(ஜே) பிரிவின்படி நேரில் பார்வையிட நாளும் நேரமும்.”

நான்காவது வரியை எப்போதும் சேருங்கள். முதல் ஒரு மணி நேரம் பார்வையிடக் கட்டணம் கிடையாது. என்னை ஒரு புதன்கிழமை காலை வரச் சொன்னார்கள். பதிவறையிலிருந்து துணியில் கட்டிய கட்டு ஒன்றைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார்கள். ஓரம் பொடிந்த பழுப்புத் தாள், ஊதா மையில் எழுத்து. எங்கள் புல எண் வரியில் தாத்தா பெயருக்கு முன்னால் தெளிவாக ‘க’ இருந்தது. அதை அடுத்த பதிவேட்டுக்குப் பெயர்த்து எழுதியவர் வேகத்தில் ‘ச’ என்று படித்துவிட்டார். இவ்வளவுதான் நடந்தது. நாற்பது வருடமாக எங்கள் வீட்டில் யாரோ வேண்டுமென்றே மாற்றிவிட்டதாக ஒரு பங்காளியைச் சந்தேகப்பட்டுப் பேசாமல் இருந்தார்கள். அந்தப் பக்கத்தின் நகலை, பக்கத்துக்கு 2 ரூபாய் வீதம் கட்டி வாங்கி, திருத்த மனுவோடு இணைத்தேன்.

ஈசி, பத்திர நகல் போல ஏற்கெனவே கட்டண வழி இருப்பவற்றை ஆர்.டி.ஐ.யில் கேட்க வேண்டாம், அந்த வழிக்கே திருப்பி அனுப்புவார்கள். பிறருடைய சொந்த விவரங்களைக் கேட்டாலும் மறுப்பு வரும். பேரூராட்சித் தீர்மானப் புத்தகம், தெரு வேலைக்கான மதிப்பீடு, அளவுப் புத்தகம், பில் நகல், இவையெல்லாம் தாராளமாகக் கேட்க வேண்டியவை.

நேரில் சொல்லக்கூடிய நாட்கள்

திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர்க்கும் நாள். மனுவுக்கு எண் கொடுத்து உரிய அலுவலருக்கு அனுப்புவார்கள். தாலுகாவில் மனுக் கொடுத்த தேதி முத்திரையோடு போனால் மதிப்பு அதிகம், இல்லாவிட்டால் சுற்றிவிட்டுத் தாலுகாவுக்கே வரும். வெளியூரில் வேலை பார்ப்பவர்கள் 1100 எண்ணில் முதல்வரின் உதவி மையத்துக்குப் பேசலாம். ரேஷன் அட்டைச் சிக்கல்களுக்கு மாதத்தின் இரண்டாம் சனிக்கிழமை தனி முகாம் நடக்கிறது. ஊராட்சிகளில் கிராம சபை ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆறு நாள். பேரூராட்சிகளில் அதற்கு இணையாக வார்டு அளவில் பகுதி சபை 2022 முதல் வந்திருக்கிறது. உங்கள் வார்டில் நடக்கவில்லையென்றால் எப்போது நடக்கும் என்று உறுப்பினரிடம் கேளுங்கள், கேட்டால்தான் நடக்கும்.

யாராவது பணம் கேட்டால், எந்தக் கட்டணம், எந்த ரசீது என்று திருப்பிக் கேளுங்கள். ரசீது இல்லாத பணம் கொடுக்க வேண்டியதில்லை. மிரட்டலாகப் போனால் மாவட்டத்தில் உள்ள லஞ்ச ஒழிப்புத் துறை அலுவலகத்தில் சொல்லலாம். அலுவலக வாசலில் நிற்கும் இடைத்தரகர்களில் மனு எழுதித் தருபவர்களும் உண்டு, ஏமாற்றுபவர்களும் உண்டு. எழுதியதற்குக் கூலி கொடுங்கள், “உள்ளே கொடுக்க” என்று எதையும் கொடுக்காதீர்கள்.

நிலப் பிழைகளுக்கு எனக்கு மிகவும் பயன்பட்டது ஜமாபந்தி. வருவாய்த் தீர்வாயம் என்று அறிவிப்பில் போடுவார்கள். பசலி ஆண்டு ஜூலை 1-ல் தொடங்கி ஜூன் 30-ல் முடியும், 2024 ஜூலையில் தொடங்கியது 1434-ம் பசலி. ஆண்டு முடியும் முன், பெரும்பாலும் மே, ஜூனில், தாலுகா அலுவலகத்தில் ஒரு மேல் அதிகாரி உட்கார்ந்து கிராமம் கிராமமாக வி.ஏ.ஓ.க்களின் கணக்கைத் தணிக்கை செய்வார். அன்று உங்கள் கிராமத்தின் அத்தனை பதிவேடும் அந்த மேசையில் இருக்கும். வி.ஏ.ஓ., ஆர்.ஐ., தாசில்தார், சர்வேயர் எல்லாரும் ஒரே கூடத்தில் இருப்பார்கள். வருடத்தில் வேறு எந்த நாளும் இப்படி அமையாது.

எங்கள் பிர்காவுக்கு, அதாவது ஒரு ஆர்.ஐ. பொறுப்பில் வரும் கிராமங்களுக்கு, ஒதுக்கிய நாளில் மனு, பழைய பதிவேட்டின் சான்றிட்ட நகல், இன்றைய பட்டா மூன்றையும் ஒன்றாகப் பின் அடித்துக் கொடுத்தேன். அதிகாரி இரண்டு தாளையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். வி.ஏ.ஓ.வின் புத்தகத்தைத் திருப்பச் சொன்னார். மனுவின் ஓரத்தில் இரண்டு வரி எழுதித் தாசில்தார் பக்கம் நகர்த்தினார். ஆறு வாரம் கழித்து இணையத்தில் பட்டாவை எடுத்தபோது ‘க’ என்று இருந்தது. அம்மா அதை இரண்டு பிரதி எடுக்கச் சொன்னாள், ஒன்று பங்காளி வீட்டில் கொடுக்க.